எகானமி அண்ணாச்சி

இந்தக் கதையில் வருகிற முட்டாள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

என் பெயர் கோமதிநாயகம். முப்பத்து நான்கு வருஷம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். பழைய விளக்குமாற்றைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுசு கொடுப்பேன். அதிலும் நாலு குச்சி மிச்சம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வந்த தபால் உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே மடித்து ஒட்டி, அதிலேயே பதில் போடுவேன். யாராவது முணுமுணுத்தால், "எகானமி வே, எகானமி" என்பேன். மில்லில் என்னை எகானமி அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் பெண்சாதி மட்டும் அந்தச் சொல்லை வசவாகத்தான் வைத்திருந்தாள். அவள் போன பிறகு வீட்டில் ஒண்டி ஆளாக இருக்கப் பிடிக்கவில்லை. மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு சமையல்கட்டு, நூறு பேர் வரிசையாக உட்காரும்படி ஒரு நீளக் கொட்டகை. தினமும் உச்சிப்பொழுதில் யார் வந்து உட்கார்ந்தாலும் சோறு. ஊர் பேர் கேட்பதில்லை. அதை நடத்துகிற சாமி என்னைவிடப் பதினாறு வயது இளையவர். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடன் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் சாமி வெளியூர் கிளம்பினார். அவரோடு ஒன்றாகத் தீட்சை வாங்கியவர் ஒருவர் வடக்கே படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"வர எத்தன நாளாகும்னு தெரியாது அண்ணாச்சி," என்றார் சாமி. "அரிசி கொஞ்சமாத்தான் கெடக்கு. பிசான அறுப்பு முடிஞ்சு, மாசியிலதான் ஊர்க்காரங்க நெல்லு தருவாங்க. அதுவரைக்கும் அடுப்பு அணையக் கூடாது. நீங்க பாத்துக்கிடணும்."

"அணையாது சாமி. அந்தக் கவலைய விட்டுட்டுப் போயிட்டு வாங்க."

எனக்கு உள்ளுக்குள் குஷி. திரும்பி வரும்போது மனுஷர் அசந்துபோக வேண்டும், அப்படி நடத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நான் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

சமையல் பார்ப்பவர் உச்சிமாகாளி. என் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர்போல அளந்து பேசுவார். அரிசியை அரை மணி நேரம் ஊறப் போட்டு உலையில் இடச் சொன்னேன். விறகு மிச்சமானது. பானைகளுக்கு மூடி போட வைத்தேன். வாழை இலையைக் குறுக்கே நறுக்கி ஒன்றை இரண்டாக்கினேன். வேலியில் நின்ற முருங்கைக்கீரையைப் பறித்தே வாரத்தில் நாலு நாள் கூட்டு ஒப்பேற்றினோம்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் உச்சிமாகாளி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அடுத்து அரிசியில் கை வைத்தேன்.

இலையில் மீதி வைப்பவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒரு பருக்கை கிடக்காது. அதனால் அந்த வழியில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. நின்று கவனித்தேன். அரிசி போவது இரண்டாம் தடவைச் சோற்றில் என்று கண்டுபிடித்தேன்.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் தடவை வருகிறவர் சோற்று வாளியோடு ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நிற்க வேண்டும். கரண்டியில் சோற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றாலும் நகரக் கூடாது. மறுபடி கேட்க வேண்டும். சாப்பிடுகிறவர் இலைமேல் கையை விரித்து மறைத்த பிறகுதான் அடுத்த இலை. சாமி பரிமாறினால் அப்படித்தான் பரிமாறுவார். ஒரு பந்தி முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நான் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கரண்டி வாளிக்குள்ளேயே கிடக்கும். ஒரு கால் அடுத்த இலைப் பக்கம் இருக்கும்.

"போதும்லா?" என்று கேட்பேன்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. யார் இலையிலிருந்தும் பிடுங்கவில்லை. போதும்லா என்று ஒரே ஒரு கேள்வி.

எனக்கே ஆச்சரியம். ஒருத்தர்கூடப் போதாது என்று சொல்லவில்லை. நூறு இலைக்கு எண்பது பேர், "போதும் அண்ணாச்சி" என்றார்கள். மிச்சப் பேர் தலையை ஆட்டினார்கள். பந்தி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வாளியில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இத்தனை காலமும் வேண்டாத வயிற்றில் வற்புறுத்தித் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. மறுநாள் உலையில் அதற்குத் தக்கபடி குறைத்துப் போடச் சொன்னேன்.

உச்சிமாகாளி அரிசியை அளந்துகொண்டே, "அண்ணாச்சி, நீங்க கேக்குத கேள்வி சரியில்ல," என்றார்.

"ஏன், என்ன சரியில்ல? மரியாதையாத்தான கேக்குதேன்."

"மரியாதையாத்தான் கேக்குதீய."

"பெறகென்ன?"

அவர் அளந்த அரிசியோடு உலைப் பக்கம் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். சமையல்காரனுக்கு எகானமி எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்திக்கு வருகிறவர்களில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. ஊருக்குக் கிழக்கே இருக்கிற செங்கல் சூளையில் கல் அறுக்கிற வேலை. புருஷன் வேலை தேடிக் கேரளத்துக்குப் போனவன், போனவன்தான். அவளுக்கு அப்போது ஆறாவது மாசம். நன்றாகச் சாப்பிடுவாள். சாமி பரிமாறும்போது மூன்றாம் தடவையும் வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு சாமி, எனக்கில்ல," என்று சிரிப்பாள்.

நான் முதல் தடவை அவளிடம் போதும்லா என்று கேட்டபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் வாளியைப் பார்த்தாள். வாளிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. கரண்டி கிடக்கிற விதத்தில் குறைச்சலாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

"போதும் அண்ணாச்சி," என்றாள். இலையை வழித்து நக்காத குறையாகச் சாப்பிட்டுவிட்டு மடித்தாள்.

எனக்குக் கண் இருந்தது. அவள் விரல் இலையில் எத்தனை தடவை போய் வந்தது என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனேன். இப்போது இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

கார்த்திகை பாதியில் அவள் வருவது நின்றுவிட்டது. மற்றச் சூளைக்காரர்களும் ஒரு நாள் வருவார்கள், ஒரு நாள் வரமாட்டார்கள். இலை குறையக் குறைய அரிசி மிஞ்சியது. சும்மா வந்து உட்கார்ந்து தின்றவர்கள் கழிந்துவிட்டார்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். மழைக்காலத்தில் சூளை வேலை கிடையாது, மண் நனைந்தால் கல் அறுக்க முடியாது, வருஷத்தில் அந்த மூன்று மாசம்தான் அவர்களுக்கு அடுப்புப் புகையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மார்கழி கடைசியில் ஒரு காலையில் சாமி திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். படுக்கையில் கிடந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

"சாமி, ஒரு எட்டு அரிசி அறைக்கு வாங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"வாங்களேன்."

கதவைத் திறந்து காட்டினேன். மாசி வரைக்கும் வேண்டியதைத் தனியாக ஒரு பக்கம் அடுக்கியிருந்தேன். அதற்கு எதிர்ப்பக்கம் மூன்று மூட்டை அரிசி தனியாக நின்றது. எலி ஏறாமல் பலகைமேல் வைத்து, சணலால் தைத்து, மேலே துணி போட்டு மூடியிருந்தேன்.

"இது என்னது?" என்றார் சாமி.

"மிச்சம் சாமி. நீங்க அடுப்பு அணையாம இருந்தாப் போதும்னு சொன்னீய. அடுப்பும் அணையல. இது மேக்கொண்டு மிச்சம். இதுக்குப் பேருதான் எகானமி."

சாமி ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"எகானமின்னா என்ன அண்ணாச்சி? எனக்கு இங்கிலீசு பள்ளிக்கூடத்தோட போச்சு."

எனக்குப் பேச வாய் கிடைத்துவிட்டது. "வீணாக்காம இருக்கது சாமி. உள்ளத வச்சு ஒப்பேத்துறது. ஒண்ணு செலவாகுத எடத்துல அரையில முடிக்கது."

"சிக்கனம்."

"சிக்கனந்தான். ஆனா இங்கிலீசுல சொன்னா அதுக்கு ஒரு கெத்து இருக்கு."

"வார வழியில சோப்பு வாங்கினேன். அட்டையில எகானமி பேக்னு எழுதியிருக்கு. மூணு வாங்கினா ஒண்ணு கூடத் தாரான். அதுல அதிகமால்லா இருக்கு?"

"அது வாங்குதவனுக்கு லாபம்னு அர்த்தம் சாமி."

"பிளேன்லயும் எகானமின்னு ஒரு எடம் உண்டாம்லா. போயிட்டு வந்த ஒருத்தரு சொன்னாரு. முட்டி இடிக்குமாம்."

"அது கொறஞ்ச டிக்கெட் சாமி. கொஞ்சம் நெருக்கடியாத்தான் இருக்கும்."

"அப்ப அது யாருக்கு லாபம்?"

நான் யோசித்தேன். "ஏறுதவனுக்கும் லாபம், ஓட்டுதவனுக்கும் லாபம்," என்றேன்.

சாமி சிரித்தார். "ஒவ்வொருத்தன் ஒவ்வொரு விதமா வச்சிருக்கான். இங்க நீங்க என்ன விதமா வச்சிருந்தீய?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஊறவைத்த அரிசி, பானை மூடி, அரை இலை, முருங்கைக்கீரை. ஒவ்வொன்றுக்கும் சாமி தலையாட்டினார். கடைசியில் இரண்டாம் தடவைச் சோற்றுக்கு வந்தேன். அதைத்தான் பெரிய சாதனையாக நினைத்து, கடைசிக்கு என்று வைத்திருந்தேன்.

"என்ன கேட்டீய?" என்றார் சாமி.

"போதும்லான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"போதும்னுதான் சொன்னாங்க. மூணு மாசத்துல ஒருத்தர்கூடப் போதாதுன்னு சொல்லல சாமி. நான் யாரையும் வற்புறுத்தல."

சாமியின் தலையாட்டல் நின்றுவிட்டது. மூட்டைமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

நான் அப்போதும் விடவில்லை. ஒரு பாராட்டு வார்த்தை வராதா என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே கேட்டேன்.

"நான் செஞ்சது சரிதான சாமி? எகானமின்னா இதுதான?"

"சூளைக்காரங்க வாராங்களா?" என்றார் சாமி.

"கொறஞ்சுட்டாங்க."

"இசக்கியம்மா?"

"அவ கார்த்திகையிலேயே நின்னுட்டா."

"எதுக்கு நின்னா?"

"தெரியல சாமி."

"கேக்கலயா?"

"கேக்கல."

சாமி திண்ணையில் வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வழிநடந்து வந்த காலைக்கூட அவர் இன்னும் கழுவியிருக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். பந்திக்கு இன்னும் நேரம் கெடக்கு."

சூளைக்கு ஒரு மைல் இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. வயல் வரப்பு வழியாகச் சாமி முன்னால் போக, நான் பின்னால் போனேன். அவர் கோபத்தில் இருக்கிறாரா என்று முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். முதுகில் ஒன்றும் தெரியவில்லை.

சூளை அணைந்து கிடந்தது. அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த நாலைந்து குச்சுவீடுகள். இசக்கியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஈர விறகை அடுப்பிலிருந்து இழுத்து அணைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வயிறு மட்டும்தான் பெருத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது.

"சாமி எப்ப வந்தீய? வாங்க, வாங்க. அண்ணாச்சியும் வாங்க." சாக்கு ஒன்றை உதறி விரித்தாள். "நல்ல நேரத்துக்கு வந்தீய. இப்பதான் கஞ்சி எறக்கினேன். ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா," என்றேன் நான்.

"குடு தாயி," என்றார் சாமி.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு பானை. ரேஷன் அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டிருந்தாள். வீட்டில் இரண்டு பாத்திரம்தான் இருந்திருக்கும்போல. சாமிக்கு ஒரு கிண்ணத்திலும் எனக்கு ஒரு தட்டிலும் ஊற்றினாள். அவள் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் தாயி மடத்துக்கு வாரதில்லயாமே?" என்றார் சாமி.

"ஆமா சாமி."

"யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அண்ணாச்சி தங்கமானவரு." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மடத்துல அரிசி தீந்துபோச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்லா."

"எப்படித் தெரிஞ்சது?"

"அண்ணாச்சி வாளியத் தூக்கிட்டு வாரதப் பாத்தாலே தெரியாதா? பாவம், இல்லன்னு சொல்ல மனசில்லாம, போதும்லா போதும்லான்னு கேட்டுக்கிட்டே வருவாரு. எங்களுக்கே சங்கடமாப் போச்சு. இத்தன வருசம் போட்ட எடம். அங்க அடுப்பு அணஞ்சிரக் கூடாதுல்லா சாமி."

வாய்க்குக் கொண்டுபோன தட்டை மடியில் இறக்கினேன்.

"அதனால நாங்க சூளைக்காரங்க பதினோரு பேரும் உக்காந்து பேசினோம்," என்றாள். "ஆளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவோம்னு வச்சுக்கிட்டோம். எனக்குத்தான் ரேஷன் கார்டு இருக்கே, இருக்கத வச்சு ஓட்டிருவேன், என் எல ஒண்ணு அடியோட கொறையட்டும்னு நாந்தான் சொன்னேன். எங்களால ஆனது அதுதான சாமி. வேற என்னத்தக் குடுக்க முடியும்?"

சாமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப அரிசி வந்துட்டா அண்ணாச்சி? கஷ்டம் தீந்துட்டா?"

அந்த மூன்று மூட்டையும் என் கண்ணுக்குள் நின்றது. பலகை, சணல் தையல், மூடிய துணி. தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அரிசி எப்போதுமே இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சாமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

"வந்துட்டும்மா," என்றேன்.

"அப்பாடா," என்றாள் அவள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், அந்தத் தட்டோடு அப்படியே எழுந்து ஓடிப்போகலாமா என்று இருந்தது. அறுபத்தொரு வயதில் ஒரு பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதை நம்பி எனக்காக நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பானையைச் சாய்த்து அகப்பையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா அண்ணாச்சி?"

கையை விரித்துத் தட்டை மறைத்தேன். "வேண்டாம்மா."

"வெக்கப்படாதீய. கொஞ்சூண்டு."

"வேண்டாம் தாயி. வயிறு நெறஞ்சிருச்சு."

"மழையில நடந்து வந்திருக்கீய. அரை அகப்பை."

நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் நகர்ந்தாள்.

சாமி கிண்ணத்தை நீட்டினார். "எனக்கு ஊத்து தாயி."

ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. பானையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளையும் வழித்து அவருக்குப் போட்டாள். அவர் ஒன்று விடாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருந்தது தாயி. ரெண்டு நாளா வழியில சரியாச் சாப்பிடல."

"பானை காலியாப் போச்சே சாமி," என்று சிரித்தாள். "கூட இருந்தாக் குடுத்திருப்பேன்."

"காலியாத்தான் போச்சு. இப்ப உனக்கு என்ன இருக்கு?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"நீ என்னத்தப் பாத்துக்கிடுவ? நான் வந்து உன் வீட்டுல சாப்பிட்டாச்சு. இப்ப நீ என் வீட்டுக்கு வரலன்னா எனக்கு மரியாதையா இருக்காது. மத்தவங்களையும் கூப்பிடு. பந்திக்கு நேரமாச்சு."

"அரிசிதான் வந்துட்டே. பெறகென்ன," என்றாள். பக்கத்துக் குச்சுவீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ சித்தி, மாமோவ், வாங்க. சாமி வந்துட்டாக. மடத்துல அரிசி வந்துட்டாம்."

ஆளுக்கு ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து, "அரிசி வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் நான் தலையாட்டினேன். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீய," என்றார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வரப்பில் அவர்கள் முன்னால் போனார்கள். இசக்கியம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடுவில் நடந்தாள். நானும் சாமியும் கடைசியில் வந்தோம்.

மனுஷப் புத்தி எப்படிப்பட்டது என்று பாருங்கள். வெட்கம் தாங்க முடியாமல் போனதும், அதை யார் தலையிலாவது இறக்கிவைக்க ஆள் தேடுகிறது. பக்கத்தில் சாமிதான் இருந்தார். அவர் கிண்ணத்தை நீட்டி நீட்டி வாங்கியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவர்கள் காதில் விழாதபடி குரலைத் தணித்துக்கொண்டேன்.

"சாமி, நான் செஞ்சது தப்புதான். ஒத்துக்கிடுதேன். ஆனா நீங்க செஞ்சது மட்டும் என்ன?"

"என்ன செஞ்சேன் அண்ணாச்சி?"

"அந்தப் பானையில இருந்தது அவளுக்கும் வயித்துப் பிள்ளைக்கும் இன்னைக்கு முழுசுக்கும் வச்ச கஞ்சி. எனக்கு ஒரு வாய் எறங்கல. நீங்க மூணு தடவ வாங்கிக் குடிச்சீய. அவ வழிச்சுப் போட்டதையும் விடாமக் குடிச்சீய. உங்களுக்கு எப்படி சாமி மனசு வந்தது?"

சாமி நடையை நிறுத்தவில்லை. முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"நான் அவகிட்ட ஒரு நேரக் கஞ்சிதான் வாங்கினேன் அண்ணாச்சி. மூணு மூட்டை வாங்கல."